தலைதட்டிய கிண்ணம்

நம்மைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் தட்டைப் பார்ப்பார். முற்பகலில் என் கடைக்குள் நுழைந்தால், நான் "வாங்கண்ணே" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் கண் என் சாப்பாட்டுப் பாத்திரத்துக்குள் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரும். சோறு எவ்வளவு, பொரியல் எவ்வளவு, அப்பளம் உண்டா, அதை மூடியின் அடியில் ஒளித்து வைத்திருக்கிறேனா எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் நிமிர்ந்து, "உடம்பு எப்படி இருக்கு தம்பி?" என்பார். கேட்கும் தொனியிலேயே தெரியும், பதிலைப் பாத்திரத்திடம் ஏற்கனவே வாங்கிவிட்டார் என்று.

தஞ்சாவூரில் எங்கள் தெருவில் அவரைக் கேரியர் அண்ணன் என்று சொல்வோம். அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. அதை எழுதினால், மலேசியாவில் மகள் வீட்டில் இருக்கிறவருக்கு யாராவது இதைப் படித்துக் காட்டுவார்கள். உடனே போன் போட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க தம்பி, சாப்டாச்சா?" என்பார். அந்தக் கேள்வியை அவர் வாயால் இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை.

ஆள் ஒல்லி. வெள்ளைச் சட்டை போட்டால், சட்டை மட்டும் தனியாக நடந்து வருவது போல இருக்கும். தாராசுரத்துக்குப் பக்கத்தில் நிலபுலன் உள்ள குடும்பம். சின்ன வயதிலேயே வளைகுடாவுக்குப் போய் கட்டட வேலைக்காரர்கள் தங்கும் முகாமில் சமையல், பிறகு சரக்குக் கப்பலில் சமையல், கடைசியாகச் சிங்கப்பூரில் ஒரு கேன்டீன். ஊர் ஊராகச் சோறு போட்டுவிட்டுத் திரும்பி வந்தவர் சும்மா உட்காரவில்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் வெளிநாட்டில். வீட்டிலேயே இரண்டு பெண்களை உதவிக்கு வைத்துக்கொண்டு, சர்க்கரைக்காரர்களுக்கும் தொப்பைக்காரர்களுக்கும் மதியத்துக்கு அளவுச் சாப்பாடு சமைத்து, டிவிஎஸ் வண்டியில் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். கூடவே இலவசமாக ஒரு பிரசங்கமும் வரும்.

பிரசங்கம் எப்போதும் ஒன்றுதான். உலகத்தில் மனிதர்கள் குண்டாவது நாக்கால் அல்ல, பாத்திரத்தால். அமெரிக்காக்காரனிடம் நம் டம்ளரில் காப்பி கொடுத்தால், இது ருசி பார்க்கவா என்று கேட்பானாம். அவன் டம்ளர் நம் வீட்டுச் சொம்பு. அதைக் குடித்து முடித்தால் இன்னொரு சொம்பு சும்மாவே ஊற்றுவார்கள். அரபு நாட்டு விருந்தில் ஒரே தாம்பாளத்தில் சோற்றைக் கொட்டி, ஒரு முழு ஆட்டையும் மேலே படுக்கவைத்து, சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தன் கை எத்தனை தடவை உள்ளே போனது என்று அவனவனுக்கே தெரியாது. ஜப்பான்காரன் சாப்பாடு குழந்தைகள் விளையாடும் சொப்புச் சாமான் மாதிரி, கிண்ணம் கிண்ணமாகக் கண்ணுக்கு நிறைய இருக்கும், எல்லாவற்றையும் சேர்த்தால் நம்மூர் ஒரு கரண்டி.

"நம்ம ஊரு?" என்று கேட்டேன்.

"நமக்கு இலை. தட்டுக்கு விளிம்பு இருக்கு, இலைக்கு எங்க இருக்கு? அது வாழை மரம் வரைக்கும் போவுது."

அப்படியானால் உலகத்திலேயே நாம்தானே பெரிய குண்டர்களாக இருக்க வேண்டும் என்று மடக்கினேன். மடக்கிவிட்டதாக நினைத்தேன். முன்பெல்லாம் வரப்பில் அண்டை வெட்டினோம், நாற்று நட்டோம், கட்டுச் சுமந்தோம், தின்ற சோறு வயலிலேயே கரைந்தது என்றார். இப்போது மெஷின் நடுகிறது, மெஷின் அறுக்கிறது. "வேலைய மெஷின்ட்ட குடுத்தோம். சோத்தக் குடுத்தமா?"

என் கடை நீர்மூழ்கி மோட்டார் உதிரிபாகக் கடை. சோற்றைக் குறைக்காத விவசாயிகள்தான் என் வாடிக்கையாளர்கள். அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே அவர்கள் எதிர்க் கடை பஜ்ஜியை என் கல்லாவின் மேல் வைத்துத் தின்பார்கள். நான் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பேன். எனக்கு அது வியாபாரத்தைவிட முக்கியம். ஒரு நாளைக்கு நாலு பேரைச் சிரிக்கவைக்காவிட்டால் எனக்கு ராத்திரி அஜீரணம். அவர்தான் முதல் வரிசை ரசிகர். தெருவில் மற்றவர்களுக்குக் கேரியரைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியவர், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும், கடைசியில் துண்டால் கண்ணைத் துடைப்பார்.

அவரே சொல்லும் ஒரு கதை உண்டு, தன்னைக் கிண்டல் செய்துகொண்டு சொன்னது அது ஒன்றுதான். கப்பலில் ஒரு ஜப்பான் இன்ஜினியர். முதல் நாள் அண்ணன் பரிமாறினார். அந்த மனிதர் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுக் கிண்ணத்தைத் துடைத்து வைத்தார், வைத்ததை மீதி விட்டால் சமைத்தவருக்கு மரியாதைக் குறைவு என்று அவருக்கு வளர்ப்பு. அண்ணனுக்கு நம் ஊர் வளர்ப்பு. சாப்பிடுகிறவர் முன்னால் காலிப் பாத்திரம் இருந்தால் நமக்குத்தான் மரியாதைக் குறைவு. மறுபடி வைத்தார். அவர் மறுபடி துடைத்தார். இருவரும் மரியாதை காட்டிக்காட்டி, கடைசியில் அந்த இன்ஜினியரை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். "அவரு போதும்னு ஒரு வார்த்த சொல்லலியே தம்பி" என்று இத்தனை வருஷம் கழித்தும் ஆதங்கப்பட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தக் கதையைக் கேட்டபோதே நான் பயந்திருக்க வேண்டும்.

அப்போது எனக்குக் கேரியர் வாங்கும் எண்ணமே இல்லை. என் மனைவி சாந்தி திருவாரூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. விடியக்காலை ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் எனக்கும் ஒரு டப்பா கட்டி வைத்துவிட்டுப் போவாள். அதைப் பதினோரு மணிக்கே காலி செய்துவிட்டு, மதியத்துக்கு ஓட்டலில் முழுச் சாப்பாடு சாப்பிடுவது என் நெடுநாள் ஏற்பாடு.

ஒரு நாள் பழைய மோட்டார் ஒன்றைத் தூக்கி வண்டியில் ஏற்றினேன். தொப்புளுக்குப் பக்கத்தில் எதுவோ பொளுக்கென்றது. சட்டையைத் தூக்கிப் பார்த்தால், ஏற்கனவே இருக்கும் மலைமேல் ஒரு குட்டி மலை. அமுக்கினால் உள்ளே போயிற்று. இருமினால் வெளியே வந்து எட்டிப் பார்த்தது. டாக்டரம்மா படுக்கவைத்து அழுத்திப் பார்த்துவிட்டு ஹெர்னியா என்றார். வயிற்றுச் சுவரில் ஓட்டை, அது வழியாகக் குடல் வெளியே வருகிறது, ஆபரேஷன் செய்து மூட வேண்டும். ஆனால் இத்தனை கொழுப்பை வைத்துக்கொண்டு தைத்தால் தையல் நிற்காது, முதலில் எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள் என்றார். பளு தூக்காதீர்கள் என்றும் சொன்னார். அதை நான் நாற்காலியை விட்டு எழாதீர்கள் என்று புரிந்துகொண்டேன்.

எழுந்து வரும்போது இன்னொன்றும் சொன்னார். வெளியே வந்த குடல் உள்ளே போகாமல் மாட்டிக்கொண்டால், வீக்கம் கல்லாகி வலியும் வாந்தியும் வந்தால், ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது. உள்ளே ரத்த ஓட்டம் நின்று குடல் அழுகிவிடும், உயிருக்கு ஆபத்து.

அன்றிலிருந்து நான் ஒரு கையால்தான் வாழ்ந்தேன். மற்றொரு கை வயிற்றின் மேல் இருந்தது, திருவிழாக் கூட்டத்தில் பர்ஸைப் பொத்திக்கொள்கிற மாதிரி. தும்மல் வந்தால் உட்கார்ந்துகொண்டேன். ஏப்பம் வந்தால் சாந்தியைக் கூப்பிட்டேன். வாஷர் கேட்டு வந்த விவசாயியிடம், நான் போய்விட்டால் கடையை நீங்கள் எடுத்து நடத்துகிறீர்களா என்று விசாரித்தேன். அவர் வாஷர் வாங்காமலே போய்விட்டார். கண்ணாடி முன்னால் நின்று குட்டி மலையிடம், ஐயா சாமி உள்ளயே இருங்க என்று கெஞ்சியதைச் சாந்தி பார்த்துவிட்டாள். அவள் சிரிக்காததில்தான் எனக்கு நிலைமை புரிந்தது.

கேரியர் அண்ணனிடம் சரணடைந்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். உள்ளே போய், கப்பலிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் கிண்ணம் ஒன்றை எடுத்துவந்தார். இதில் ஒரு கிண்ணம் சோறு, தலைதட்டி, அவ்வளவுதான் என்றார். எதிரிலேயே அளந்து காட்டினார். சோற்றைப் போட்டு, கரண்டிக் காம்பால் கிண்ணத்தின் வாயில் ஒரு இழுப்பு இழுத்து, மேலே நின்ற சோறு பூராவையும் வழித்துச் சட்டியில் தள்ளினார்.

"நானே கால்ல வுழுந்து கேட்டாலும் ஒரு பருக்கை கூடப் போடாதீங்க" என்றேன்.

"என்னய நம்புங்க" என்றார்.

முதல் சில வாரங்களை நினைத்தால் இப்போதும் கண் இருட்டுகிறது. கிண்ணம் தீர்ந்த பிறகும் விரல் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். மத்தியானம் மூன்று மணிக்கு எதிர்க் கடை பஜ்ஜிச் சட்டியின் சத்தம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது போல இருக்கும். போகவில்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பின்னால் யாரும் நம்பவில்லை. நான் போகவில்லை. அப்படியே கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்கள் கேட்டதற்குப் பதில், கொடுத்ததற்குப் பில், அவ்வளவுதான். அண்ணன் வந்து ஸ்டூலில் உட்காருவார். நான் பேசமாட்டேன். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்திருந்துவிட்டுப் போய்விடுவார். ஒரு நாள், கடையில யாராச்சும் செத்துட்டாங்களா என்று ஒருத்தர் வெளியில் விசாரித்ததாகச் சொன்னார்.

பிறகு திடீரென்று பசி போய்விட்டது. அதே கிண்ணம், அதே தலைதட்டு, ஆனால் சாப்பிட்டு முடித்தால் வயிறு திம்மென்று நிறைந்தது. மூன்று மணிக்கு பஜ்ஜிச் சட்டி கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறது என்று விட்டுவிட்டேன். உடம்பு திருந்திவிட்டது என்று முடிவு கட்டினேன். திருந்தியவன் சும்மா இருப்பானா? பேச்சு திரும்பியது, கிண்டல் திரும்பியது, அண்ணனின் தோள் மறுபடி குலுங்க ஆரம்பித்தது. அவரைவிட நான் பெரிய பிரசங்கியானேன். வயிறு என்பது பழக்கம்தான் சார், மனசு வைத்தால் ஒரு கிண்ணம் போதும் என்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் வகுப்பெடுத்தேன். அடுத்த தெருவில் இருந்த ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர், மூட்டுவலியில் மாடி ஏற முடியாதவர், என் பேச்சைக் கேட்டுத்தான் அண்ணனிடம் கேரியருக்குச் சொன்னார். ஜப்பான்காரனைப் பற்றி நானே அவருக்கு விளக்கினேன்.

மருந்துக்கடை வாசல் எடை மெஷினில் ஏறினேன். ஏறியிருந்தது.

மெஷின் கோளாறு என்று வேறு கடைக்குப் போனேன். அங்கே இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. செருப்பைக் கழற்றினேன். பர்ஸை எடுத்துக் கல்லாக்காரரிடம் கொடுத்தேன். மூச்சை வெளியே விட்டுப் பார்த்தேன். பயம் பிடித்துவிட்டது. ஒரு கிண்ணம் சோற்றில் குண்டாகிறவனுக்கு ஏதோ பெரிய வியாதி இருக்க வேண்டும். தைராய்டு பார்த்தேன், அது சரியாக இருந்தது. ரத்தத்தில் உள்ளதையெல்லாம் பார்த்தேன், எப்போதும் போல மோசமாக இருந்தது. காற்றில் சத்து இருக்கிறதோ என்றுகூட யோசித்து, அரிசி ஆலைப் பக்கம் போவதை நிறுத்தினேன். டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆபரேஷனைத் தள்ளிவைத்தார். அடுத்த முறையும் தள்ளிவைத்தார். "உண்மையச் சொன்னாத்தான் சார் வைத்தியம் பாக்க முடியும்" என்றார். நான் சொன்னது உண்மை. குண்டாக இருப்பவன் சொல்லும் உண்மை அப்படித்தான், கேட்கிறவர்கள் காதுக்குள் போவதற்குள் அதில் எண்ணெய் ஏறிவிடுகிறது.

வீட்டில் இன்னும் மோசம். சாந்தி ஒன்றும் கேட்கவில்லை. சட்டையைத் துவைக்கப் போடும் முன் முகர்ந்து பார்த்தாள். பாக்கெட்டைத் திருப்பினாள். ஒரு நாள் எதிர்க் கடையில் போய்க் கேட்டிருக்கிறாள். அவர் வர்றதே இல்லீங்க டீச்சர் என்று அவன் சொன்னதற்கு, அப்ப வேற கடை என்று முடிவு செய்துகொண்டாள். சத்தியம் செய்தேன். "குடலு மாட்டிக்கிட்டா யாரு தூக்கிட்டு ஓடுறது? நாந்தான? எங்கிட்டயாவது உண்மையச் சொல்லலாம்ல" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்கு என்னிடம் ஜோக் இல்லை.

ஒரு விடுமுறை நாளில் கேரியர் வீட்டுக்கு வந்தது. கடையில் நான் சாம்பாரைக் கிண்ணத்திலேயே ஊற்றிப் பிசைந்து சாப்பிடுகிற ஆள். ஊற்ற ஊற்றச் சோறு எழும்பி வருவதை, குறைவாகச் சாப்பிடுகிறவனுக்குக் கடவுள் கொடுக்கிற ஆசி என்று நினைத்திருந்தேன். சாந்திக்கு அந்தப் பழக்கம் இல்லை. கிண்ணத்தைத் தட்டில் கவிழ்த்தாள். சோறு விழவில்லை. தட்டினாள். அசையவில்லை. கரண்டியை விட்டு ஓரத்தில் நெம்பினாள். குழவிக்கல் மாதிரி ஒரே கட்டியாகத் தொப்பென்று வந்து விழுந்து நின்றது. அடியிலிருந்து நெய் கசிந்து தட்டில் பரவியது.

அவள் அதை விரலால் உதிர்க்க ஆரம்பித்தாள். உதிர்க்க உதிர்க்கச் சோறு பெருகியது. தட்டு நிறைந்து, விளிம்பு தாண்டி, மேஜையில் சிந்தியது. அவள் ஒரு தடவை என்னைப் பார்த்தாள். இத்தனை மாதமாக என் சட்டையை முகர்ந்து பார்த்தவள் அந்தப் பார்வையோடு நேரே சமையலறைக்குள் போய்விட்டாள். குழாய் வெகுநேரம் திறந்திருந்தது. கழுவுவதற்கு அங்கே பாத்திரம் எதுவும் இல்லை.

நான் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கோபத்தை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன், போய் நின்றதும் வாயில் வந்தது, "அண்ணே, அமுக்கினீங்களா?" மட்டும்தான்.

மறுக்கவில்லை. ஆமாம், உள்ளங்கையால் அமுக்கிவிட்டுத்தான் தலைதட்டினேன் என்றார். பிறகு அவர் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அறுப்பு முடிந்து களத்தில் ஆட்களுக்கு நெல்லாகக் கூலி அளந்த காலம். தலைதட்டிக் கூலி அளக்கிறவன் வீட்டுக்கு அடுத்த போகத்துக்கு ஆள் வரமாட்டார்களாம். அவர் அப்பா மரக்கால் வழியாத அளவு அளந்ததே இல்லை, மேலே கோபுரமாக நின்று நாலு பக்கமும் நெல் சரிந்து ஓடினால்தான் அது ஒரு மரக்கால்.

"அத்தனை தேசத்துல சமைச்சேன் தம்பி, அளந்துதான் போட்டேன், சம்பளக்காரன். இங்க வந்து நம்ம மனுசருக்குத் தலைதட்டிப் போட கை வரல. ரத்தத்துல இருக்கு."

நானும் களத்தைப் பார்த்தவன்தான், வழித்து அளக்கிறவனை ஊர் எப்படிப் பேசும் என்று தெரியும். பாத்திரத்தால்தான் எல்லாம் என்று உலகத்துக்கே சொன்னவரின் கை, தன் அப்பாவின் மரக்காலை விட முடியாமல் தவித்திருக்கிறது. அவரை மன்னித்ததோடு நில்லாமல், வீட்டுக்கு வந்து சாந்தியிடம் அவருக்காக வாதாடவும் செய்தேன். அவள் கேட்டுவிட்டு, இனிமே டப்பா நானே கட்டுறேன் என்றாள்.

அவள் டப்பா கட்ட ஆரம்பித்த இரண்டாவது வாரம், கடையில் உட்கார்ந்தபடியே அது நடந்தது. பளு தூக்கவில்லை, தும்மவில்லை. குட்டி மலை வெளியே வந்தது, உள்ளே போகச் சொன்னேன், போகவில்லை. கல்லாக இருந்தது. வலி ஏறியது. எதிர்க் கடைக்காரன்தான் பஜ்ஜிச் சட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து ஆட்டோவில் தூக்கிப் போட்டான். போகிற வழியில் இரண்டு தடவை வாந்தி. நடுவில் அவனிடம், உன் கடை பக்கமே வராதவனுக்கு இதுதான் கதியா என்று கேட்டேனாம். அவன் அழுதுகொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சாந்தி பள்ளிக்கூடப் புடவையோடு வந்து சேர்ந்தபோது என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். ஜோக் ஒன்று சொல்ல நினைத்தேன். பல் தந்தியடித்தது.

பிழைத்துக்கொண்டேன். குடலில் ஒரு சாண் போயிற்று. அண்ணன் போட்ட சோற்றால்தான் மாட்டிக்கொண்டது என்று டாக்டரம்மா சொல்லவில்லை. ஹெர்னியா எப்போது வேண்டுமானாலும் அப்படிச் செய்யும் என்றார். எடை குறைந்திருந்தால் எப்போதோ நாள் குறித்து, நிதானமாகச் சின்னதாக முடித்திருக்கலாம், இப்போது நெட்டுக்குக் கிழிக்க வேண்டியதாயிற்று என்று மட்டும் சொன்னார். நெஞ்சுக்குக் கீழிருந்து இறங்கிய தையலைப் பார்த்தால் சாக்கு மூட்டையின் வாய் போல இருந்தது. இருமும்போது தலையணையை வயிற்றில் அணைத்துக்கொள்ள வேண்டும், சிரிக்கவே கூடாது என்று நர்ஸ் உத்தரவு. என்னைத் தெரியாமல் சொல்லிவிட்டார் என்று சாந்தி சொன்னாள்.

பேங்க் மேனேஜர் பார்க்க வந்தார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. பேன்ட்டை பெல்ட் போட்டுக் கொசுவம் மாதிரி இழுத்துக் கட்டியிருந்தார். இந்த வார்டு மாடியில் இருக்கிறது, படி ஏறித்தான் வந்தேன் என்று பெருமையாகச் சொன்னார். எல்லாம் என்னால்தான் என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் தயங்கித் தயங்கி, கிண்ணத்தில் சோறு அமுக்கியா இருக்கும் என்று கேட்டேன்.

"நீங்க வேற. கவுத்தா பொலபொலன்னு கொட்டும். மொதல் மாசம் பசி தாங்காம ஒரு கரண்டி சேத்துப் போடுங்கன்னு கெஞ்சினேன். மாட்டேன்னுட்டாரு மனுசன். வழிச்சு எடுத்துட்டுத்தான் மூடி போடுவாரு. எங்க எல்லாருக்கும் அப்படித்தான்."

எங்க எல்லாருக்கும் என்றால் யார் யார் என்று கேட்டேன். சொன்னார். எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள். எல்லாரும் இளைத்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைதட்டுவதில் அண்ணன் ரத்தத்துக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. மரக்கால், களம், கோபுரம் எல்லாவற்றையும் படுத்தபடியே ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். அதைக் கேட்டு மன்னித்து, அவருக்காக வாதாடிய என்னையும் பார்த்தேன்.

மறுநாள் சாயங்காலம் அவரே வந்தார். கையில் பிளாஸ்க். கட்டில் கால்மாட்டில் நின்றார். சாந்தி நாற்காலியைக் காட்டாமல் வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

"கஞ்சி கொண்டாந்தேன் தம்பி. தெளிவு மட்டும், உப்புப் போட்டு."

"மேனேஜருக்கு அமுக்கலியாமே?"

பிளாஸ்க்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "இல்ல."

"அப்ப உங்கப்பா?"

"அப்பா அளந்தது நெசம். அதுக்காக வைக்கல." "நீங்க பேசாம ஆயிட்டீங்க தம்பி. வந்து உக்காந்தா ஒரு வார்த்த இல்ல. வீட்டுல எனக்கு யாரு இருக்கா? உங்க கடையில சிரிச்சாத்தான் அன்னிக்கு எனக்கு ஒரு நாளு போன மாதிரி இருக்கும். பசியோட இருக்குறப்ப நீங்க வேற ஆளு. எனக்கு அந்த ஆளப் புடிக்கல."

மேனேஜர் பேசாவிட்டாலும் அண்ணனுக்கு ஒன்றுமில்லை. அதனால் மேனேஜர் மாடி ஏறினார். இந்த மனிதர் இத்தனை மாதமாக உள்ளங்கையால் அமுக்கியது சோற்றையா, அதற்கடியில் கிடந்த ஓர் ஆளையா என்று யோசித்தேன். பசியோடு இருந்த அந்த ஆள் சுவாரசியமில்லாதவன்தான், எனக்கே தெரியும். ஆனால் மெலிந்திருப்பான். அவன் பெண்டாட்டி அவன் சட்டையை முகர்ந்திருக்க மாட்டாள். அவனை யாருக்கும் பிடிக்கவில்லை.

நான் பேசாதது அவருக்குத் தாங்கவில்லை. கால் மாற்றி நின்றார். பிறகு, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, தானே ஒரு ஜோக் சொன்னார்.

"கிழிச்சுப் பாத்தப்ப உள்ள பாதி எஞ்சோறுதான் இருந்துருக்கும். கிண்ணத்தத் திருப்பிக் குடுத்தாங்களா?"

நல்ல ஜோக். நானே சொல்லியிருந்தால் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பேன். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. தலையணையை வயிற்றோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தேன். அவர் தோள் குலுங்க ஆரம்பித்து, நான் சேர்ந்துகொள்ளாததைப் பார்த்துப் பாதியில் நின்றது.

அந்தப் பக்கம் போன நர்ஸ், "சிரிப்புக் காட்டாதீங்க பெரியவரே, தையல் விட்டுடும்" என்றார்.

அவருக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. முகம் தெளிந்துவிட்டது. "ஆறட்டும் தம்பி, ஆறட்டும்" என்று பிளாஸ்க்கை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

தையல் பிரித்தார்கள். புண் ஆறியது. கடை திறந்தேன். அவர் மலேசியாவுக்குப் போகும்வரை தினம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, "இன்னும் வலிக்குதா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே" என்று சொன்னேன்.